நிற்காமல் ஓடிய கிணற்று மோட்டார்

சித்திரை மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அம்மா வந்து எழுப்பினார். "தம்பி, ஆறு மணிக்குப் போட்ட மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது." கிணற்றடிக்குப் போய்ப் பம்பின் மேல் கை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் ஓடும் வார்ப்பிரும்பு எப்போதும் சில்லென்று இருக்கும். அன்று அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்தால், ஆயிரம் லிட்டர் தொட்டியில் பாதிகூட நிறையவில்லை.

எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கருங்கல் கட்டிய வட்டக் கிணறு. ஐந்தடி விட்டம், 38 அடி ஆழம். அதன் கரையில் ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது). தொட்டியில் தொங்கும் மிதவையும் சுவரில் உள்ள ஆட்டோமேட்டிக் பெட்டியும் சேர்ந்து, தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடும்; நிறைந்தால் நிறுத்தும். எட்டு வருடமாக இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் யோசிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. 25 நிமிடத்தில் தொட்டி நிறைந்துவிடும்.

மறுநாள் காலையில் வந்த மெக்கானிக், மோட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, காயில் கட்ட வேண்டும், அதாவது உள்ளே உள்ள செப்புக்கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்றார். 3,500 ரூபாய் கேட்டார். ஓடுகிற மோட்டாருக்கு எதற்குக் காயில் கட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாள் ஒரு வாரமாக நீண்டது.

நிற்காமல் ஓடும் மோட்டாரைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிற்கச் சொல்ல ஆளில்லாமல் ஓடுகிறதா, சொல்லியும் கேட்காமல் ஓடுகிறதா? தொட்டி வழிந்துகொண்டிருக்கும்போதும் மோட்டார் ஓடினால் கோளாறு மிதவையிலோ பெட்டியிலோ இருக்கிறது. தொட்டி நிறையாமலேயே ஓடினால் பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. தண்ணீர்தான் போய்ச் சேரவில்லை. எங்கள் தொட்டி பாதியில் நின்றிருந்ததால் இரண்டாவது வகை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானதுதான். ஆனால் அது பாதி உண்மை என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது.

தண்ணீர் தொட்டிக்கு வந்து சேர்ந்து, வந்த வேகத்தில் வெளியே போய்விடவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் நாள் இரவு தொட்டியின் வெளியேறும் வால்வை மூடி, நீர்மட்டத்தில் ஒரு கரிக்கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. தொட்டியில் கசிவு இல்லை. கழிப்பறைகளின் ஃபிளஷ் தொட்டிகளில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலைந்து துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவைத்தேன். மாடிக் கழிப்பறையில் மட்டும் கோப்பைக்குள் மெல்லிய நீலக் கோடு இறங்கியிருந்தது. வாஷரை மாற்றினேன். அந்தக் கசிவு நாளுக்குச் சில வாளித் தண்ணீரைத் தின்றிருக்கலாம். நான்கு மணி நேர ஓட்டத்துக்கு அது காரணமாக முடியாது.

அடுத்து வாளிக் கணக்கு. இதைச் செய்ய ஒரு 15 லிட்டர் வாளியும் கைப்பேசியில் உள்ள நேரமானியும் போதும். தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாயில் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தேன். மோட்டார் போட்டவுடன் 38 விநாடி. அரை மணி நேரம் கழித்து 75 விநாடி. அதன் பிறகு வாளியைப் பிடிக்கவே தேவையில்லாமல் போயிற்று; குழாய் இருமுவதுபோலக் காற்றும் தண்ணீருமாகத் துப்பியது. மோட்டாரை நிறுத்தி மூன்று மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் 38-இல் தொடங்கியது. பழைய நாளில் தொட்டி 25 நிமிடத்தில் நிறைந்ததென்றால் வாளிக்கு 22, 23 விநாடிதான் ஆகியிருக்க வேண்டும்.

நோயின் குணமே இந்த எண்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. காயில் கெட்டிருந்தால் ஓய்வு கொடுத்ததும் தேறி, ஓடஓட இப்படி இளைக்காது. ஊரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மைத்துனரிடம், ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கி மோட்டாரின் ஒற்றை ஒயரில் மாட்டிப் பார்த்தேன். பெயர்ப்பலகையில் 6.8 ஆம்பியர் என்று இருக்கிறது. போட்டவுடன் 5.6 காட்டியது, தண்ணீர் துப்பத் தொடங்கியபோது 4.2. இந்த வகைப் பம்பு குறைவான தண்ணீரைத் தள்ளும்போது குறைவான மின்சாரத்தைத்தான் எடுக்கும். ஆக, மோட்டார் திணறவில்லை, சுமையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மோட்டாரைக் கிளப்ப உதவும் கண்டன்சர் பலவீனமாகியிருந்தால் கிளம்பும்போதே முனகும். எங்கள் மோட்டார் ஸ்விட்சைப் போட்ட கணத்தில் கிளம்பியது. பம்புக்குள் காற்று புகுகிறது, அல்லது தண்ணீர் போதவில்லை. கோளாறு பம்புக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் நடுவே உள்ள குழாயில் என்று அன்று மாலையே உறுதியாயிற்று.

பம்பின் தலையில் உள்ள தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பிவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் சக்ஷன் குழாயின் அடியில், தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் மைத்துனரும் நானும் சக்ஷன் குழாயை மேலே தூக்கினோம். பழைய பிளாஸ்டிக் குழாயைச் சட்டென்று வளைத்தால் விரிசல் விடும். அதனால் ஒருவர் கிணற்றுச் சுவர்மேல் நின்று நேராக இழுக்க, மற்றவர் தோட்டப் பக்கமாக நடந்து நீளமாக வாங்க வேண்டியிருந்தது. வால்வின் சல்லடை உப்புப் படிந்து பாதி அடைபட்டிருந்தது. உள்ளே ரப்பர் மடலுக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே ஒரு வேப்பிலைக் காம்பு குறுக்காகக் கிடந்தது. கிணற்றை ஒட்டி வேப்பமரம் நிற்கிறது. மேலே வலை போட வேண்டும் என்று அம்மா பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய பித்தளை வால்வை மாட்டிக் குழாயை இறக்கினோம். இரவு முழுவதும் தண்ணீர் இறங்கவில்லை.

மறுநாள் வாளிக் கணக்கு 33 விநாடியில் தொடங்கியது. சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரத்தில் பழையபடி இருமல்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மோட்டார் சரியாக நீர் எடுக்கவில்லை என்றாலே ஃபுட் வால்வை மாற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். மடல் பிடிக்காத ஃபுட் வால்வு, மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில்தான் தொல்லை கொடுக்கும். குழாயில் உள்ள தண்ணீரைக் கிணற்றுக்கே விட்டுவிடும், அடுத்த முறை ஊற்றி எடுக்க வேண்டிவரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு அந்த மடல் எப்படியும் திறந்துதான் இருக்கிறது. சல்லடை அடைப்பு நீங்கியதால் எனக்கு ஐந்து விநாடி மிச்சம், அவ்வளவுதான். ஓடஓட இளைக்கும் நோய்க்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மூன்றாம் நாள் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் டெலிவரிக் குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே பீச்சும், கண்ணால் காணலாம். சக்ஷன் குழாயில் அப்படி இல்லை. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. விரிசல் வழியே காற்றுதான் உள்ளே போகும், ஒரு சொட்டுகூட வெளியே வராது. மோட்டாரைப் போட்டுவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் புகையைக் காட்டிக்கொண்டே வந்தேன். பம்பின் வாயில் திருகியிருந்த எல்போ என்னும் வளைவு இணைப்பின் அடிப்பக்கத்தில் புகை சட்டென்று வளைந்து உள்ளே போயிற்று. ஈரத்துணியை அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினேன். மோட்டாரின் சத்தமே மாறியது. கரகரப்பு அடங்கிக் கனத்த குரலாயிற்று. நூலிழை போன்ற ஒரு விரிசல். 30 அடிக் குழாயும் அதற்குள் இருக்கும் தண்ணீரும் எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்த ஒரு பிளாஸ்டிக் எல்போவில் தொங்கிக்கொண்டிருந்தன. மோட்டாரின் அதிர்வு எட்டு வருடமாக அதை ஆட்டிக்கொண்டிருந்தது.

இரும்பு எல்போ போட்டு, மரைக்கு டெஃப்ளான் டேப்பை மரை முறுகும் திசையிலேயே சுற்றி இறுக்கினேன். குழாயைச் சுவரோடு சேர்த்து ஒரு பட்டையால் பிடித்தேன். வாளிக் கணக்கு தொடக்கத்தில் 28. அரை மணி நேரம் கழித்து 45. இருமல் குறைந்தது, போகவில்லை.

அதன் பிறகுதான் நூலில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பம்பின் நடுப்புள்ளியிலிருந்து தண்ணீருக்கு 23 அடி. அரை மணி நேரம் மோட்டார் ஓடியபின் 24 அடியைத் தாண்டியது. ஐந்தடி விட்டக் கிணற்றில் ஓரடி நீர் என்பது ஏறக்குறைய 550 லிட்டர். கோடையில் ஊற்றும் மெதுவாகச் சுரக்கும். எடுக்க எடுக்க மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்றுதான் தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிந்த உயரம் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 10.3 மீட்டர், அதாவது 34 அடி. அதுவும் முழு வெற்றிடம் இருந்தால். குழாயின் உராய்வு, வால்வின் தடை, பம்பின் தேய்மானம் எல்லாம் போக, கரையில் நிற்கும் பம்புக்கு 20 முதல் 25 அடிவரைதான் நடைமுறை. எத்தனை குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டாலும் இந்த எல்லை நகராது; ஏனென்றால் இந்தப் பக்கத்து வேலையைச் செய்வது மோட்டார் அல்ல, காற்று. இரண்டு குதிரைத்திறன் மோட்டார் வாங்கிப் போடுங்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பெரிய மோட்டார் அதே இடத்தில், அதே மாதிரி இருமிக்கொண்டு நின்றிருக்கும்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றபோது ஒன்பதடி ஆழத்தில் கல்லுக்குள் பதிந்திருந்த இரண்டு இரும்பு கர்டர்கள் கண்ணில் பட்டன. அப்பா காலத்தில் மோட்டார் அங்கேதான் இருந்தது. வீட்டைப் புதுப்பித்தபோது, இறங்கி ஏறுவது சிரமம் என்று நான்தான் அதைக் கரைக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஒன்றேகால் அங்குலக் குழாய் போட்டிருந்தார். நான் கடையில் கிடைத்த ஓர் அங்குலக் குழாயைப் போட்டேன். எட்டு வருடமும் கோடையில்கூடத் தண்ணீர் 18 அடிக்குக் கீழே போகாததால் அந்த இரண்டு முடிவுகளின் பலனும் வெளியே தெரியவில்லை. இந்த ஆண்டு தெரிந்தது. அப்பா எதையும் விளக்கிச் சொல்கிறவர் இல்லை. கர்டர் இருந்த உயரமே அவர் போட்ட கணக்கு.

கிணற்று வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். நான்காம் நாள் அவரை அழைத்துவந்தேன். "அண்ணாச்சி, கர்டர் தாங்குமா?" என்று கேட்டேன். கயிற்றில் ஒரு வாளியைக் கட்டி நீர்மட்டம் வரை இறக்கி, ஏற்றி, இறக்கிப் பலமுறை காற்றைக் கலக்கினார். பிறகு விளக்கை இறக்கிப் பார்த்தார். இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொள்ளாமல் ஒரு படிகூட இறங்க மாட்டேன் என்றார். குறுகலான கிணற்றின் அடியில் உயிர்க்காற்று இல்லாமல் போய்விடும். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோன செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். எரிகிற விளக்கு எல்லா நச்சுக்காற்றையும் காட்டிக்கொடுக்காது. கயிறும் மேலே நிற்கும் ஆட்களும் இல்லாமல் இறங்கவே கூடாது. சுத்தியலால் கர்டரைத் தட்டிக் கேட்டுவிட்டு, "மேல் துரு மட்டும்தான் தம்பி, உள்ளே நல்ல இரும்பு" என்று கீழிருந்து குரல் கொடுத்தார். துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மேலே கனமான பலகையைப் போல்ட் போட்டு முறுக்கினார். மோட்டாரைச் சங்கிலியில் இறக்கினோம். ஒன்றேகால் அங்குலச் சக்ஷன் குழாய், அடிமண்ணிலிருந்து இரண்டடி மேலே நிற்கும்படி ஃபுட் வால்வு. மோட்டாருக்கு எர்த் ஒயரும் புதிதாக இழுத்தோம். ஈரத்துக்குள் இருக்கும் மோட்டாருக்கு அது இல்லாமல் மின்சாரம் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

மோட்டாரைக் கீழே வைத்தால் மேலே தள்ளும் உயரம் கூடிவிடுமே என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் மட்டத்துக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள மொத்த உயரம் மாறவில்லை. முன்பு 23 அடி காற்றின் பங்கு, மீதி மோட்டாரின் பங்கு. இப்போது காற்றுக்கு 14 அடி. ஒன்பதடியை மோட்டார் தன் பங்கில் ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் அதற்குச் சக்தி இருக்கிறது.

வாளி 20 விநாடியில் நிறைந்தது. இருபது நிமிடம் கழித்துப் பிடித்தபோது 21. கிளாம்ப் மீட்டர் 6.5 காட்டியது. அம்மா மாடிக்கு ஏறிவந்து, குழாயிலிருந்து கட்டியாக விழும் தண்ணீரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஐந்தாம் நாள் அதிகாலையில் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கேள்விக்கு மற்ற பதில் வந்துவிட்டது: சொல்லியும் கேட்காமல் ஓடுகிறது. மிதவையைக் கையால் தூக்கினேன், இறக்கினேன். பெட்டியில் விளக்கு மாறியது. அதனால் சேதி பெட்டிவரை போய்ச் சேர்கிறது. மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் ஒயரைப் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரின் முனைகளை உள்ளே இருந்த ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்சின் இரு பக்கமும் வைத்தேன். மின்சாரம் இல்லாத ரிலே திறந்திருக்க வேண்டும். மீட்டர் கத்தியது. தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

காரணம் பெட்டியைத் திறந்ததும் புரிந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய அந்த ரிலே, மோட்டாரின் முழு மின்சாரத்தையும் நேரடியாகச் சுமந்துகொண்டிருந்தது. ஓடும்போது ஏழு ஆம்பியருக்குள் எடுக்கும் மோட்டார், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு எடுக்கும். வழக்கமாக நாளுக்கு ஓரிரு முறை கிளம்புவதால் ரிலே தாங்கியது. கடந்த சில நாளாக நாங்கள் மெயினில் நிறுத்துவதும் போடுவதுமாக இருந்தோம். என் சோதனைகளும் சேர்ந்து நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை. ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் ஒரு பொறி. தொட்டியே நிறையாத நாட்களில் நிறுத்த வேண்டிய தேவை ரிலேக்கு வரவில்லை. அதனால் அது எப்போது ஒட்டிக்கொண்டது என்பதும் வெளியே தெரியவில்லை.

அதே அளவு ரிலேயைத் திரும்பப் போடவில்லை. மோட்டாருக்குத் தக்க இரண்டு முனைக் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) ஒன்றை வாங்கி, மோட்டாரின் சுமை முழுவதையும் அதன்மேல் வைத்தேன். பெட்டியில் மாற்றிய சிறிய ரிலே, இனி கான்டாக்டரின் சுருளுக்கு மட்டும் ஆணை கொடுக்கும். இடையில் ஒரு டைமரும் சேர்த்தேன். ஒருமுறை கிளம்பினால் 40 நிமிடத்தில் அது ஆணையைத் துண்டித்துவிடும். பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். சரியான நிலையில் 22 நிமிடத்தில் தொட்டி நிறைகிறது. 40 நிமிடம் ஆகியும் நிறையவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது, பம்பு சுடுவதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும். கான்டாக்டரே ஒட்டிக்கொண்டால் டைமராலும் பயனில்லை என்பது தெரியும். அதற்கு இருக்கவே இருக்கிறது தொட்டியின் வழிகுழாய்: அதை வாசல் பக்கம் விழும்படி திருப்பிவிட்டேன், சத்தம் கேட்கும்.

மொத்தச் செலவு, அண்ணாச்சியின் கூலியும் சேர்த்து, 4,700 ரூபாய். அரைகுறையாக ஓடியபோதும் மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட் எடுத்துக்கொண்டிருந்தது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் எங்கள் வீட்டுக்கு அது சிறிய கணக்கு அல்ல.

அடுத்த முறை மோட்டார் வாங்க நேர்ந்தால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நிற்கும் வகையைத்தான் வாங்குவேன். சக்ஷன் என்ற பிரச்சினையே அதற்கு இல்லை. இப்போதுள்ளது நல்ல மோட்டார், ஓடும் வரை ஓடட்டும். அதற்கு ஐப்பசி மழையில் ஓர் ஆபத்து உண்டு: தண்ணீர் கர்டரைத் தொட்டால் மூழ்கிவிடும். கர்டருக்கு மூன்றடி கீழே கல்லில் பழைய தார்க்கோடு ஒன்று இருப்பதை அண்ணாச்சி காட்டினார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்ததும் அப்பா மோட்டாரை மேலே தூக்கிவிடுவாராம். தூக்கிக் கொடுத்ததே தான்தான் என்றார். அதன்மேல் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். சங்கிலியும் கப்பியும் கழற்றாமல் அப்படியே மாட்டியிருக்கின்றன. ஆனியில் தொடங்கிய சாரலில் தண்ணீர் இதுவரை இரண்டடி ஏறியிருக்கிறது. கோட்டுக்கு இன்னும் ஒன்பதடி.